வெளியே எழுபது, உள்ளே நாற்பது

எங்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தபோது அதற்கு இரண்டு நாள் கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்தேன். லொறியில் சாய்த்துக் கொண்டுபோனால் வீட்டில் நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரம் கழித்துப் போடுங்கள் என்றுதான் பதுளைக் கடைக்காரர் சொன்னார். லொறி தோட்டத்து ரோட்டு முடிகிற இடம் வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறும் படிகளில் நாலு பேர் தோள் கொடுத்து ஏற்றினார்கள். ஒரு திருப்பத்தில் பெட்டி முழுசாகப் படுத்தே விட்டது. சாய்ந்ததற்கு நாலு மணி என்றால் படுத்ததற்கு எத்தனை மணி? யாரிடமும் கேட்கவில்லை. நானே யோசித்து இரண்டு நாள் என்று முடிவு பண்ணினேன்.

"இந்தத் தோட்டத்துல புள்ள பெத்தவளுக்குக்கூட இத்தன நாள் ஓய்வு கெடச்சதில்ல," என்றாள் என் மனைவி.

நான் கவலைப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்திரண்டு வருடமாகத் தேயிலை ஸ்டோரில் வேலை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே ட்ரையர் என்னுடைய பொறுப்பு. உள்ளே போகும் காற்று இருநூறு டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் தங்கும். அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும் என்பார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். கவலைப்படுவதற்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

பிரிட்ஜ் வாங்கியது ஐஸ் தண்ணீர் குடிப்பதற்கு இல்லை. மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். ஒருநாள் மலையில் அவளுடைய வலது பாதத்தில் ஒரு குச்சி குத்தியது. சின்னக் காயம்தான், ஆனால் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் சீனி நோய் என்றார்கள். மாத்திரைக்கு அடங்கவில்லை. இன்சுலின் ஊசி போட்டுச் சீனி இறங்கினால்தான் கால் ஆறும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரலோடு நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததை நினைத்து நினைத்துக் கவலைப்பட்டேன்.

காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. தானே வயிற்றில் குத்திக்கொள்வாள். பார்க்க முடியாமல் நான் வெளியே போய்விடுவேன். முதல் இரண்டு மாதம் எல்லாக் குப்பியையும் ஒரு மண்பானையில், ஈர மணலுக்கு மேல் வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் திட்டினார். "பாவிக்கிற குப்பி பானையில இருந்தாப் பரவாயில்ல. திறக்காததெல்லாம் பிரிட்ஜ்ல இருக்கணும். ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள. உறையவும் கூடாது."

இரண்டு, எட்டு. எனக்கு மனதில் பதிந்தது இந்த இரண்டு எண்கள்தான். கடைசியில் சொன்னது கொஞ்சம் மங்கலாகத்தான் பதிந்தது.

மூன்றாம் நாள் கரண்ட் கொடுத்தேன். உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் எண். கடையிலேயே மூன்றில் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் மூன்று என்றால் எத்தனை டிகிரி? அதில் எழுதியிருக்கவில்லை. ட்ரையர்க்காரன் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். ஸ்டோரில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் ஐயாவிடம் ஒரு பழைய தேர்மாமீட்டர் கிடந்தது. கொழுந்து வாட்டும் இடத்தில் காற்றின் ஈரம் பார்க்க ஒரு பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய் தொங்கும். அதில் ஒரு குழாய் உடைந்துபோய் மற்றது தப்பியிருந்தது. கேட்டேன், கொடுத்துவிட்டார். பலகையோடு கொண்டுவந்து, இன்சுலின் வைத்த நடுத்தட்டில் சாய்த்து வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். நாற்பது.

வீட்டுக்குள் அதே குழாய் எழுபது காட்டியிருந்தது. ஸ்டோரில் சாதாரண நாளில் காட்டுவதும் அவ்வளவுதான். வெளியே எழுபது, உள்ளே நாற்பது, வேண்டியது எட்டு. ஆக, பிரிட்ஜ் பாதி வேலைதான் செய்கிறது. இதில் எந்த இடத்தில் பிழை என்று அன்று யாராவது கேட்டிருந்தால், எனக்குப் பதில் தெரிந்திருக்காது. என் வாழ்க்கையில் டிகிரி என்றால் ஒன்றுதான். ட்ரையர் இருநூறு, ஸ்டோர் எழுபது, தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய்க்குள் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் நூற்றிரண்டு. டிவியில் பதுளைக்கு இருபத்தெட்டு, நுவரெலியாவுக்குப் பதினாறு என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது ஏதோ மழைக் கணக்கு என்று இருந்துவிட்டேன்.

திருகை நாலில் வைத்தேன். முப்பத்தெட்டு. ஐந்தில் வைத்தேன். முப்பத்தாறு. நாள் முழுக்க இதே வேலை. ஸ்டோரிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் பிரிட்ஜைத் திறப்பேன். முகம் கழுவிவிட்டு ஒருமுறை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஒருமுறை.

"என்னாங்க, அது பெட்டிக்கடையா? தொறந்து தொறந்து யாவாரம் பாக்குறீங்க," என்றாள் மனைவி.

"எட்டுக்கு எறங்க மாட்டேங்குது."

"எறங்குறப்ப எறங்கும். ஆளப் பாத்தா வெக்கப்படுதோ என்னமோ."

சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பெண் எங்கள் பிரிட்ஜில் கொஞ்சம் சாமான் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஜூஸ் பாக்கெட், பத்து முட்டை, மீன்காரரின் வேன் வரும் நாளில் மீன். லயத்தில் ஒரு வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தால் அது சுற்றியிருக்கிற எல்லாருக்கும் வந்த மாதிரிதான். திருகு ஆறுக்குப் போன மறுநாள் அவள் முட்டையோடு வாசலில் நின்றாள்.

"அண்ணே, முட்ட வெடிச்சிருக்கு."

"எங்கயாவது இடிச்சிருப்ப."

"இடிக்கலண்ணே. உள்ளுக்குள்ள ஐஸா இருக்கு. இத ஒடச்சு ஊத்துறதா, சீவித் திங்குறதா?"

மனைவி உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டை உறைகிறது, தேர்மாமீட்டரோ முப்பத்திநாலு காட்டுகிறது. என் முடிவு ஒன்றே ஒன்று: முட்டை இருந்த மேல்தட்டில் குளிர் கூடுதலாக இருக்கிறது, மருந்து இருக்கும் நடுத்தட்டுக்கு வந்து சேரவில்லை. அதனால் திறக்காமல் வைத்திருந்த இரண்டு குப்பியையும் எடுத்து மேல்தட்டில், பின்சுவரோடு ஒட்டி, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்தேன். பக்கத்திலேயே பலகையையும் வைத்தேன். நல்ல மனதோடுதான் செய்தேன்.

இன்னொரு விஷயமும் உறுத்திக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் எண்கள் இருபதில்தான் தொடங்குகின்றன. எட்டு என்ற எண்ணே அதில் இல்லை. ஸ்டோரில் அவ்வளவு குளிர் தேவைப்படாது, அதனால் போடவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிவப்புக் கோடு இருபதுக்குக் கீழே இறங்கிக் காணாமல் போனால் எட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கையோடு கடைக்குப் போன் பண்ணினேன்.

"பிரிட்ஜ் குளிரே புடிக்கல தம்பி."

"எத்தனைல நிக்குதுண்ணே?"

"முப்பத்திநாலு."

"முப்பத்திநாலா? அண்ணே, பிளக்க சொருகிட்டீங்களா?"

"ஓடுதுப்பா. முட்ட எல்லாம் ஐஸாப் போச்சு."

"முப்பத்திநாலுல முட்ட ஐஸாப் போச்சா?"

"ஆமா."

"அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கெழம, கடை நெறைய ஆளு. நீங்க ஓய்வா இருக்கீங்க போல." பிறகு பாவப்பட்டு ஒரு யோசனை சொன்னார். கதவின் ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை. காலண்டர் தாளைக் கிழித்து நாலு பக்கமும் வைத்து இழுத்துப் பார்த்தேன். தாள்தான் கிழிந்தது, ரப்பர் விடவில்லை. திருகை ஏழுக்குத் தள்ளினேன். அதற்குமேல் எண் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. பானையில் இருந்த குப்பி அன்று காலை ஊசியோடு முடிந்தது. மனைவி பிரிட்ஜிலிருந்து புதுக்குப்பி ஒன்றை எடுத்தாள். கல் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினாள். உருகியது. அவளுக்குக் கொடுக்கும் இன்சுலின் பால் மாதிரி வெள்ளையாக, ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. கண்ணாடி ஓரத்தில் பொடிப் பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பால் திரிஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். அடுத்த குப்பியையும் எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

உறையவும் கூடாது என்று நர்ஸ் கடைசியாகச் சொன்னது இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

"இது வேணாம்," என்றேன்.

"உருகிருச்சுல்ல. நல்லா உருட்டினா கலந்துரும். பொழுதுபட இதையே போட்டுக்குறேன்."

"வேணாங்கிறேன்."

"கிளினிக்குக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு. அதுக்கு முந்திப் போய் நின்னா கொடுத்ததெல்லாம் எங்கன்னு கேப்பாங்க. என்னா சொல்லுவீங்க? எட்டுக்கு எறக்கினேன்னா?"

"கேக்கட்டும்."

காயம் அப்போதுதான் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தோம். என் மடியில் ஒரு சாப்பாட்டு டப்பா, அதில் திரிந்த குப்பி இரண்டு. துவாயில் சுற்றித் தேர்மாமீட்டர்ப் பலகை. ஹாலிஎல வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு, "எதுக்கு அந்தப் பலகை?" என்று கேட்டாள்.

"பிரிட்ஜ் சரியில்லைன்னு சாட்சி வேணும்ல."

"ஆஸ்பத்திரிக்குச் சாட்சியோட போற மொத ஆளு நீங்கதான்."

மருந்து கொடுக்கும் ஜன்னலில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் இருந்தார். பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தவர் என்று தெரிந்தது. குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது உறைஞ்சு உருகியிருக்கு. இனி இதைப் போடக்கூடாது. வேலை செய்யாது. நல்லகாலம் கொண்டுவந்தியள்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அடுத்த கேள்வி வரும்வரைக்கும்.

"பிரிட்ஜை எத்தினையில விட்டிருந்தனியள்?"

"ஏழுலங்க. அப்படியும் முப்பதுக்குக் கீழ எறங்கல."

"முப்பதோ?"

"மொதல்ல நாப்பது இருந்துச்சு. நாந்தான் கஷ்டப்பட்டு முப்பதுக்குக் கொண்டாந்தேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது எண்டு ஆர் சொன்னது?"

துவாயைப் பிரித்துப் பலகையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த F என்ற சின்ன ஆங்கில எழுத்தை விரலால் தொட்டார்.

"ஐயா எங்க வேலை செய்யிறியள்?"

"டீ ஸ்டோர்லங்க. ட்ரையர்."

"ஓ," என்றார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். "உங்கட ஸ்டோரில டிகிரிக்கு ஒரு அளவு. ஆஸ்பத்திரியில வேற அளவு. ஒரே குளிரைத்தான் ரண்டும் சொல்லுது, எண்தான் வேற. தண்ணி உறையிறது எங்கட கணக்கில சைபர். உங்கட குழாயில அது முப்பத்திரண்டு. விளங்குதோ?"

விளங்கியது. விளங்கிய வேகத்துக்குக் காது சுட்டது.

"அப்ப நாப்பதுங்கிறது?"

"நல்ல சரி, ஐயா. அப்பிடியே விட்டிருக்கலாம்."

இருபத்திரண்டு வருடம் டிகிரியைப் பார்த்துச் சோறு தின்றவன் நான். பக்கத்தில் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மருந்து போடும் கடதாசி உறை ஒன்றின் பின்னால் அந்த அம்மா பெரிதாக எழுதித் தந்தார்: 36 முதல் 46 வரை. "இதுக்குள்ள நிண்டால் போதும். ஆடாமல் நிக்கவேணும், அதுதான் முக்கியம். மருந்தை நடுத்தட்டில வையுங்கோ, பின்சுவரில முட்ட வேண்டாம். குழாயை ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள விட்டு வையுங்கோ, அப்பதான் சரியாக் காட்டும். நாளைக்கு எத்தினை தரம் திறந்து பாக்கிறனீங்கள்?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி முந்தினாள். "எண்ண ஆரம்பிச்சா ரெண்டு கை வெரலும் பத்தாது அம்மா. ராமாயணம் மாதிரி, தொறந்தா மூட மாட்டாரு."

"ஒவ்வொரு தரமும் குளிர் வெளியில போகும். ரண்டு தரம் போதும். கரண்ட் நிண்டாலும் திறக்காதேங்கோ. மூடியே இருந்தால் நாலு மணித்தியாலம் தாங்கும்."

புதிதாக இரண்டு குப்பி தந்தார். வழியில் ஐஸ்கிரீம் கடையில் ஐஸ் வாங்கி டப்பாவை நிரப்பலாம் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்குள்ளிருந்தே சொன்னார்: "ஐஸோட ஒட்ட வைக்காதேங்கோ ஐயா, திரும்பவும் உறையும். ஈரத்துணியில சுத்தினால் போதும்." மனைவி டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் என்னிடம் தரவில்லை.

ஒரு குப்பி அன்று மாலை ஊசிக்குத் திறந்து பானைக்குப் போனது. மற்றதை நடுத்தட்டில் வைத்துத் திருகை மூன்றுக்குத் திருப்பினேன். மறுநாள் காலை கோடு நாற்பதில் நின்றது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று அவள் சட்டம் போட்டாள். நடுவில் திறக்க வேண்டும் போலிருந்தால் வாசலில் போய் நின்று மலையைப் பார்ப்பேன். பக்கத்துக் காம்பராக்காரி ஜூஸ் பாக்கெட் எடுக்க வந்தால் கூடவே எட்டிப் பார்ப்பேன். அது திறந்ததில் சேராது.

பிறகு ஐப்பசி இடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை மணி இருக்கும். மேல்மலையில் ஒரு இடி விழுந்தது, கரண்ட் போய்விட்டது. பிரிட்ஜின் உறுமல் நின்றதும் வீடே வெறிச்சென்று ஆனது. நான் எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள் மனைவி.

"எத்தனைல இருக்குன்னு மட்டும்..."

அவள் முக்காலியை இழுத்துப் பிரிட்ஜ் கதவுக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் போஞ்சிக்காய் நறுக்கத் தொடங்கினாள். கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டாள். "தொறக்கணும்னா என்னையத் தூக்கி வச்சுட்டுத்தான் தொறக்கணும். ஒங்களால முடியாது."

முடியாது என்பது உண்மைதான்.

இரண்டரை ஆயிற்று. பக்கத்துக் காம்பராக்காரி மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். "அக்கா, என் மீனு உள்ள இருக்கு. சமைக்கணும்."

"கரண்ட் வரட்டும்."

"மத்தியானச் சோத்துக்குக்கா."

"எங்க வீட்டுல பருப்பு இருக்கு, கொண்டுபோ. மீன ராவைக்குத் தின்னுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்தேன். பருப்புச் சட்டியோடு போனாள். போகும்போது, "வாசல்ல துப்பாக்கியோட ஒரு ஆளப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றரை. நான் நடந்துகொண்டிருந்தேன். இருபது அடி நீளமுள்ள காம்பராவில் எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு. "இப்பயே பானைக்கு மாத்திட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அஞ்சரை வரைக்கும் தாங்கும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. அஞ்சரைக்கும் வரலன்னா மாத்தலாம். இப்ப தொறந்தா இருக்கிறதும் போயிரும்." போஞ்சிக்காய் முடிந்துவிட்டது. அடுத்து வெங்காயம் எடுத்தாள். இரண்டு நாள் கறிக்குத் தேவையான வெங்காயம் அது. அவளும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் நறுக்குகிறாள் என்று எனக்கு அப்போது பட்டது. கவலை எனக்கு மட்டும் இல்லை. அவள் அதை உட்கார வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிந்திக் கரண்ட் வந்தது. பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி உறுமியது. அவள் எழுந்து முக்காலியை நகர்த்தினாள்.

"இப்ப பாருங்க. கெதியாப் பாருங்க."

திறந்தேன். கிளாஸ் தண்ணீரில் கோடு நாற்பத்தைந்தில் நின்றது. இரண்டு முறை பார்த்தேன். உறையில் எழுதியிருந்த நாற்பத்தாறுக்கு ஒன்று குறைவு. அவள் குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு பொடிகூட ஒட்டவில்லை. பால் மாதிரி ஒரே வெள்ளை. திரும்ப வைத்துவிட்டுக் கதவை அவளே மூடினாள்.

கார்த்திகைக் கிளினிக்கில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். காயம் மூடியிருந்தது, சீனியும் இறங்கியிருந்தது. இனிக் கட்டுத் தேவையில்லை, காலை மூடும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றார். திங்கட்கிழமை காலை அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பினாள். சப்பாத்தைக் கழற்றாதே, அட்டை கடித்தாலும் கழற்றாதே, ஈரமானால் காலைத் துடை என்று நான் படி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு மலையேறினாள்.